பூஜைக்கு வைக்காத வெள்ளிக் குழாய்

என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாத ஆஸ்பத்திரி கிடையாது. வேலை மாறிப் போன இடத்தில் எல்லாம் அந்தப் பெயர் எனக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் போய் உட்கார்ந்திருக்கும். நானும் அதை மறுத்ததில்லை. திமிர் இல்லாத நர்ஸிடம் ஒரு பொருளைக் கொடுத்து, இதைச் சுத்தமாக வைத்திரு என்று சொல்லிப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் ஊரே அதைத் தொட்டுப் பார்த்திருக்கும்.

அந்தப் பெயரை நான் முதலில் சம்பாதித்தது ஐம்பதுகளில், பொன்னேரிக்கும் அதை அடுத்த ஆரணிக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில். ஊர்ப் பெயர் வேண்டாம். நெல் வயல்களுக்கு மத்தியில் ஒரு ரைஸ் மில் முதலாளி தன் தகப்பனார் நினைவாகக் கட்டிக் கொடுத்த கட்டடம் அது. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான், இரண்டு ஆயாக்கள், அவ்வளவுதான் ஆட்கள். பட்டணத்தில் பயிற்சி முடித்த எனக்கு முதல் வேலை அங்கேதான் கிடைத்தது. என் அப்பா அந்த வயல்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மிஷன் பள்ளிக்கூடம் என்னைப் படிக்க வைத்தது. அவருடைய மகள் வெள்ளைப் புடவை கட்டி, செருப்புப் போட்டுக்கொண்டு, மில் முதலாளி கட்டின ஆஸ்பத்திரிக்குள் நடப்பதைச் சிலரால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் எதிரில் வந்தால் நான் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடப்பேன். நன்றாகப் பார்க்கட்டுமே.

அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் என்றால் பிள்ளை பெற்றவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். தொண்டைக்குள் சவ்வு மாதிரி வளர்ந்து குழந்தையின் மூச்சை அடைத்துவிடும். ஊசி மருந்து இருந்தது, ஆனால் அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். அதுவரை குழந்தை உயிரோடு இருக்க வேண்டுமே? அதற்கு ஒரே வழி, கழுத்தின் முன்பக்கம் கீறி, மூச்சுக் குழலில் துளை போட்டு, வளைந்த வெள்ளிக் குழாய் ஒன்றைச் செருகுவது. குழந்தைகளுக்கான குழாய் சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. அதற்குள் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும்; சளி அடைத்தால் அதை மட்டும் உருவிச் சுத்தம் செய்துகொள்ளலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தச் செட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

குழாய், கொக்கிகள், ரப்பர் டியூப், பஞ்சு எல்லாவற்றையும் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி ட்ரம்முக்குள் வைப்போம். கொட்டுகிற ட்ரம் இல்லை. பக்கத்தில் துளை வைத்து, மூடி போட்ட வட்டமான பெரிய டப்பா. ஆவி உள்ளே போவதற்காகத் துளைகளைத் திறந்து வைத்து பாய்லரில் வேக வைக்க வேண்டும். வெந்து வெளியே வந்ததும் துளைகளை மூடிவிட வேண்டும். கத்தியை ஆவியில் வைத்தால் கூர் மழுங்கும் என்பதால் அது மட்டும் தனியாக மருந்துத் தண்ணீரில் கிடக்கும். மூடின ட்ரம்மைக் குழந்தை வந்து படுத்த பிறகுதான் திறக்கலாம். சும்மா ஒரு தரம் திறந்து எட்டிப் பார்த்தால்கூட அத்தனையும் பாழ். மறுபடி முதலிலிருந்து வேக வைக்க வேண்டும்.

வாரம் முழுவதும் ஒருவரும் வராமல் போவதும் உண்டு. அப்போதும் நான் அதைப் பிரித்து, மறுபடி வேக வைத்து, மறுபடி கட்டி வைப்பேன். கம்பவுண்டருக்கு அது பெரிய வேடிக்கை.

"இன்னா சிஸ்டர், தொடாத சாமானத்தையே தோய்ச்சுக்கினு கீறீங்க? அதுக்கு இன்னா ஜுரமா?" என்பார்.

"ஜுரம் வரக் கூடாதுன்னுதான்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே கல்வத்தில் மருந்து அரைக்கப் போய்விடுவார்.

கம்பவுண்டர் கெட்டவர் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கை சுத்தமானவர், பக்திமான், ஏழை நோயாளிக்கு மருந்து கொடுத்த கையோடு கஞ்சிக்கு வழி இருக்கிறதா என்றும் விசாரிப்பவர். ஆயுத பூஜை வந்தால் மட்டும் அவருக்குத் தலைகால் புரியாது. வருஷத்தில் அந்த ஒரு நாள் ஆஸ்பத்திரி முழுக்க அவர் ராஜ்ஜியம்.

நான் சேர்ந்த முதல் வருஷம், பூஜையன்று காலையிலிருந்தே எனக்குப் பிரசவ அறையில் வேலை. தலைப்பிரசவம். அந்தப் பெண் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. வெளியே கூடத்தில் கம்பவுண்டர் மேஜை போட்டு, சரஸ்வதி படம் வைத்து, தராசு, கல்வம், கத்தரிக்கோல், டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் என்று ஆஸ்பத்திரியில் இருந்த எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கியிருக்கிறார். அலமாரியையும் திறந்து ட்ரம்மையும் பிரித்திருக்கிறார். வெள்ளிக் குழாய் கண்ணில் பட்டிருக்கிறது. வெள்ளிச் சாமான் ஆயிற்றே, அதைக் கத்தரிக்கோலோடு சேர்த்துப் பின்வரிசையில் வைக்க அவருக்கு மனசு வருமா? வீட்டில் வெள்ளி விளக்கைத் துலக்குவது மாதிரி விபூதி போட்டுப் பளபளவென்று துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, குழாய்க்குள் ஒரு சாமந்திப் பூவையும் செருகி, அம்மன் படத்துக்கு நேர் முன்னால் நிறுத்திவிட்டார்.

மத்தியானம் அந்தக் குழந்தை வந்தது. ஆற்றுக்கு அக்கரைச் சேரியிலிருந்து அதன் தாய் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நடக்கவும் பேசவும் பழகிவிட்ட பெண் குழந்தை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு நடுவே தோல் உள்ளே இழுத்தது. உதடு நீலம் பூத்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. உள்ளே மேஜையில் கிடத்தியபோது என் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குழாய் போட்டுடலாம், நேரம் இருக்கு. ட்ரம்மைக் கொண்டாங்க" என்றார். நான் அலமாரிக்கு ஓடினேன். ட்ரம் இருந்தது. உள்ளே மடித்து வைத்த துணி மட்டும் இருந்தது.

கூடத்துக்கு ஓடி வந்து மேஜையைப் பார்த்தேன்; குழாய் அம்மன் படத்துக்கு முன்னால் பூவோடு நின்றது. கை நீட்டினேன். கம்பவுண்டர் குறுக்கே வந்து நின்றார்.

"சிஸ்டர், பூஜைல வெச்சதைக் கலைக்கக் கூடாது. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். ஒரு கற்பூரத்தை ஏத்தி உத்தரவு கேட்டுக்கினு நானே எடுத்துத் தரேன். ஒரு நிமிஷம்."

சொல்லிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார். நான் அவரைத் தள்ளிவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். பூவை உருவினால் காம்பு உள்ளேயே ஒடிந்து நின்றது. விபூதியும் சந்தனமும் குழைந்து காய்ந்து, உள்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயிருந்தன. ஆயா ஸ்டவ்வைப் பம்ப் அடித்துத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிக்காமல் அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. டாக்டர் உள்ளேயிருந்து, "கொதிக்கவே வேணாம், ஸ்பிரிட்டை ஊத்திக் குடுங்க, போதும்!" என்று கத்தினார். ஊற்றினேன். ஊற்றி என்ன பிரயோஜனம்? அடைத்துக்கொண்ட குழாயில் மூச்சு எப்படிப் போகும்? நான் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டே இருந்தேன். அடைப்பு விட்டது. குழாயை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"வேணாம் சிஸ்டர்" என்றார் டாக்டர். கத்தின குரல் இல்லை அது. சாதாரணமாகப் பேசுகிற குரல்.

அவர் கை கழுவிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனார். அங்கேதான் தாய் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடி உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இந்த வயதிலும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

அதன் பிறகு அலமாரிச் சாவியை டாக்டர் என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். கம்பவுண்டர் கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். அப்புறம் பார்த்தார், சிரித்தார், பழையபடி கிண்டலும் செய்தார். ஆனால் சாவியைக் கேட்டதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் என்னை ஒரு சாமிக்கு மட்டும் விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வருஷமே பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம் ஒன்றின் பையனுக்கு அந்தக் குழாயைப் போட்டுப் பிழைக்க வைத்தோம். அவனுடைய உம்மா சந்தோஷத்தில் ஒரு தாயத்தைக் கொண்டுவந்து, ட்ரம்மில் கட்டி வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். வாங்கிப் பையன் கையிலேயே கட்டிவிட்டேன். குருத்தோலை ஞாயிறன்று என் சொந்த அம்மா, சிலுவையாக மடித்த ஓலையைக் கொண்டுவந்து, "துணிக்கு நடுவுல வெச்சிடுடி, கொழந்தைங்களுக்கு நல்லது" என்றாள். முடியாது என்றேன்.

"நம்ம சாமிக்குக் கூடவா எடமில்லே?"

"எந்தச் சாமியா இருந்தாலும் பாய்லர்ல வெந்துட்டு வந்தா வெக்கிறேன்" என்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவள், அடுத்த ஞாயிறு வரை என்னோடு பேசவில்லை.

மறு வருஷம் பூஜை வந்தது. அந்த முறை மில் முதலாளி தானே நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, கூடமே கல்யாண வீடாக இருந்தது. மில்லிலிருந்து கூலியாட்கள் பொரி மூட்டைகளைச் சுமந்து வந்து இறக்கினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சிலர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஜனங்களுக்குக் கொடுக்கப் பொரியும் கடலையும் அளந்து கலந்துகொண்டிருந்தார்கள்.

கம்பவுண்டர் என்னிடம் தணிந்த குரலில்தான் வந்தார். "சிஸ்டர், தொறக்க வாணாம். அப்படியே ட்ரம்மை மட்டும் குடுங்க. மேல ஒரு பொட்டு வெச்சு ஓரமா வெச்சிடறேன். அது இல்லாம பூஜை மூளியா இருக்குது."

டாக்டரும், "அதுல என்ன தப்பு? மூடித்தானே இருக்கு" என்றார்.

நியாயமாகத்தான் தோன்றும். மூடியின் மேல் வைக்கிற குங்குமம் உள்ளே இறங்காது, எனக்கும் தெரியும். ஆனால் பொட்டு வைத்துப் பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது என்று இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் கையிலேயே ஊறியிருக்கிறது. ஆயாவுக்கு ஊறியிருக்கிறது. டாக்டருக்கும்தான். அவசரத்தில் கை ஒரு கணம் தயங்கும், யாராவது கற்பூரம் தேடுவார்கள். போன வருஷம் சந்தனமும் பூவும் பாதி வேலை செய்தன. தீப்பெட்டி தேடினது மீதி வேலை செய்தது. முடியாது என்றேன். பட்டணத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய காலி ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று மூலையில் கிடந்தது. அதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், மாலையே போடுங்கள் என்றேன். நிஜமாகவே போட்டார்கள். அது மாப்பிள்ளை மாதிரி நடுக்கூடத்தில் நின்றது.

மில் முதலாளி வந்ததும் யாரோ அவர் காதில் ஓதியிருக்க வேண்டும். நேராக அலமாரிக்கு எதிரில் வந்து நின்றார். நான் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

"இன்னாம்மா, இது எங்க நைனா பேர்ல கட்டுன ஆஸ்பத்திரி. என் டப்புல வாங்குன வெள்ளி. அதுக்குப் பொட்டு வெக்க உன் கிட்ட நான் உத்தரவு கேக்கணுமா?"

"கேக்க வாணாம் சார். கேட்டாலும் தரமாட்டேன்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வயதுக்கும் என் அப்பாவின் நிலைக்கும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. நான் இடுப்புச் சாவியை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டேன்.

"நீ வேதக்காரி. எங்க சாமின்னா உனக்கு எளக்காரமா பூட்ச்சு."

"எங்கம்மா கொண்டாந்த குருத்தோலையையே அதுல வெக்க உடலே. வேணும்னா ஆள் அனுப்பிக் கேட்டுப் பாருங்க."

"சீட்டைக் கிழிச்சுடுவேன், தெரியும்ல?"

"கிழிங்க. நாளைக்குக் காலைல கிழிங்க. இன்னிக்குச் சாவி என் கிட்டதான் இருக்கும்."

டாக்டர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, "சிஸ்டர், வீணா பேஜார் பண்ணாதீங்க. ஒரு நாள்தானே" என்றார். உடனே முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார்.

"அதானே கேக்கறேன். ஒரே ஒரு நாளு. அந்த ஒரு நாள்ல எவன் செத்துடப் போறான்?"

அதற்குப் பிறகு நான் அடக்கிக்கொள்ளவில்லை.

"போன வருஷம் இதே நாள்ல ஒரு கொழந்தை செத்துது சார். நேரத்தோட வந்துது. கண்ணைத் தொறந்துகினு வந்துது. மூச்சு இருந்துது. டாக்டரே சொன்னாரு, நேரம் இருக்குன்னு. எல்லாம் இருந்துது, குழாய்தான் இல்லே. குழாய் இதோ இந்த மேஜை மேல பூ வெச்சுக்கினு உக்காந்துகினு இருந்துது!"

என் குரல் தாழ்வாரம் வரை போயிற்று. அங்கே பொரி அளந்துகொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். கையில் பொரி அளக்கிற மரக்கால் இருந்தது. நெற்றி முழுக்கப் பொரித் தூசு. கூட்டம் அவளுக்கு வழி விடவில்லை, அவளே விலக்கிக்கொண்டு வந்தாள். கிட்டே வந்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான்.

"நேரத்தோட வந்துதா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கக் கூடாதாம்மான்னு நீங்கதானே சாமி சொன்னீங்க?"

அது டாக்டரின் வாய்ப் பழக்கம். யார் இறந்தாலும் தாழ்வாரத்துக்கு வந்து அதைத்தான் சொல்வார். பாம்பு கடித்து வந்தவனுக்கும் சொல்வார், வயதாகிப் படுத்த படுக்கையாகவே வந்த கிழவருக்கும் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார். அன்றைக்கு இவளிடமும் அதையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அது நினைவிலேயே இருந்திருக்காது. இவள் அதை ஒரு வருஷம் சுமந்திருக்கிறாள்.

"அன்னிக்கு அடுப்புல சோத்து ஒலை கொதிச்சுக்கினு இருந்துச்சு" என்றாள் அவள், என்னைப் பார்த்து. "அப்படியே உட்டா கொழைஞ்சு பூடும்னு, சோத்த வடிச்சுட்டுத்தான் புள்ளையைத் தூக்கினேன். அந்த நேரத்துலதான் என் புள்ளை பூட்ச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க மாமியா சொல்லுது. அவரு, சோத்துல கை வெக்கிறப்பல்லாம் அதைத்தான் சொல்றாரு. வடிச்சியே, வடிச்சியேன்னு."

மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் புருஷன். மில்லில் மூட்டை தூக்குகிறவன்.

"சோறு வடிச்சதால இல்லியாம்மா?"

"இல்லம்மா. அதனால இல்லவே இல்லே. நீ வந்தப்ப நேரம் இருந்துது. எங்க கிட்டதான் குழாய் இல்லே."

கம்பவுண்டர் சுவரில் சாய்ந்துகொண்டு முகத்தை மூடிக்கொண்டார். மில் முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேஜைப் பக்கம் போய்விட்டார். ட்ரம்மைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. அவளுக்கு இவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. புருஷனிடம் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கூட்டத்துக்கு நடுவே இழுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நிறுத்தினாள்.

"இன்னொரு தபா சொல்லும்மா. இந்தாளு காதுல உழணும்."

சொன்னேன். பிரசவ அறையில் படுத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். உன் பொண்டாட்டி நேரத்துக்கு வந்தாள், குழந்தைக்கு மூச்சு இருந்தது, நாங்கள்தான் தயாராக இல்லை என்று சொன்னேன். அவன் என்னை நம்பவில்லை. டாக்டரைப் பார்த்தான்.

"மெய்தானுங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "மெய்தான்" என்றார். "அவ நேரத்துக்குத்தான் வந்தா. நான் சொன்னது தப்பு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்கினியா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"ஊட்டுக்குப் போயி உங்கம்மா கிட்ட நீயே சொல்லு. என் எதுர்ல சொல்லு."

மரக்காலைத் தரையில் வைத்துவிட்டு, புடவையில் ஒட்டியிருந்த பொரித் தூசைத் தட்டிவிட்டுக்கொண்டு, அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். மில்லுக்கு நெல் கொண்டுவரும் பாதையில், வயல் வரப்பு ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஊரில் புருஷனுக்கு முன்னால் நடந்து போன பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் போனான்.